எபேசு நகரும் தியானாள் கோவிலும்

பரிசுத்த வேதாகமத்தில் வரும் ஊர்ப்பெயர்களைப் படிக்குந்தோறும், அவ்வூர்களில் நிகழ்ந்த திருப்பணிகளையே நாம் நினைத்தல் வழக்கம். கொரிந்து என்றவுடன் பவுல் எழுதிய நிருபங்களும், அத்தேனே என்றவுடன் மார்ஸ் மேடையில் அவர் செய்த பிரசங்கமும், பிலிப்புச் செசரியா என்றவுடன் பேதுரு செய்த அறிக்கையும் நம் உள்ளத்தில் எழுகின்றன. ஆயினும் இவ்வூர்கள் அப்போஸ்தலர் அடிவைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே மக்கள் வாழ்ந்து, தொழுது, விழாவெடுத்து, இறந்தோரை அடக்கஞ்செய்த ஊர்களாம். பிலிப்புச் செசரியாவின் மலையடியில் உள்ள குகை பான் என்னும் கிரேக்கத் தெய்வத்திற்கு உரியதாயிருந்தது. அத்தெய்வத்தின் பெயரே ஊர்க்கும் பெயராகி, இன்றும் பானியாஸ் என வழங்குகின்றது. ஆதலின் வேத ஸ்தலங்களைக் காணச் செல்லும் யாத்திரிகர் ஒவ்வொருவரும், தாம் அறிந்தோ அறியாமலோ, புறச்சமயத்தாரின் கோவில் வாசலிலும் நிற்கின்றனர். அங்ஙனம் நிற்குங்கால் அவர் கொள்ளத்தக்க மனநிலை யாது? இவ்வினாவை எபேசு நகரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

எபேசு, ஆசியா மைனரின் மேற்குக் கரையில், காயிஸ்டர் என்னும் ஆறு ஈஜியன் கடலிற் கலக்குமிடத்தை அடுத்து விளங்கிய துறைமுக நகரம். அதன் இடிபாடுகள் இன்று துருக்கி நாட்டில், வெளிப்படுத்தின விசேஷத்திற் கூறப்படும் சிமிர்னாவாகிய இஸ்மீர் மாநகருக்குத் தெற்கே, செல்சுக் என்னும் ஊரின் அருகில் உள்ளன. ஆறு கொணர்ந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டமையால் கடல் சில கிலோமீட்டர் தூரம் விலகிப் போயிற்று. கப்பல்கள் வந்து தங்கிய இடம் இன்று நாணற்புல் அடர்ந்த சதுப்பு நிலம். 2015-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ கழகம் இந்நகரத்தை உலகப் பாரம்பரிய இடங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இந்நகரின் பெருமைக்கு முதற்காரணம் அதன் தேவி. கிரேக்கர் அவளை ஆர்த்தெமி என்றனர். உரோமர் தம் நாட்டுத் தியானாவோடு அவளை ஒன்றாக்கினர். நம் தமிழ் வேதாகமம் அப்பெயரைத் தமிழ்ப் பெண்பாற் பெயர்போலாக்கித் தியானாள் என வழங்குகின்றது. எனினும் எபேசுவின் தேவி, வில்லேந்தி வேட்டையாடும் கிரேக்கக் கன்னித் தெய்வத்தைப் பெரிதும் ஒத்தவளல்லள். அவளுடைய உருவச்சிலைகள் தூண்போல் நேராய் நிற்பன. இறுகிய ஆடையில் சிங்கம், காளை, மான், தேனீ முதலியன வரிசை வரிசையாய்ச் செதுக்கப்பெற்றிருக்கும். மார்பிலே திரண்ட உருண்டை வடிவங்கள் பல நிரல்களாய்த் தொங்கும். இவற்றைக் கொங்கைகள் என்பர் சிலர்; முட்டைகள் என்பர் சிலர்; பலியிட்ட காளைகளின் உறுப்புகள் என்பாரும் உளர். கிரேக்கர் குடியேறுமுன் அந்நிலத்தார் வணங்கிய தாய்த்தெய்வமே பின்னர்க் கிரேக்கப் பெயர் பூண்டது என்பது அறிஞர் பலரும் ஒப்பும் கருத்து.

அவளுக்கு எடுத்த கோவில் ஒன்றன்று. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் லீதியா நாட்டு மன்னனாகிய கிரீசஸ் உதவியால் பெரும் பளிங்குக் கோவில் எழுந்தது. அவன் காணிக்கையாய் நாட்டிய தூண்களின் துண்டுகள் அவன் பெயர் பொறித்த எழுத்துகளோடு இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இன்றும் உள்ளன. கி.மு. 356-இல் எரோஸ்திராத்து என்பவன், தன் பெயர் உலகில் நிலைபெற வேண்டுமென்ற ஒரே ஆசையால் அக்கோவிலுக்குத் தீவைத்தான். மகா அலெக்சாந்தர் பிறந்த இரவிலேயே இது நிகழ்ந்ததென்றும், அப்பிறப்புக்குத் துணைநிற்கச் சென்றிருந்தமையாற் றேவி தன் வீட்டைக் காக்கவில்லையென்றும் பழையோர் வேடிக்கையாய்க் கூறினர். அவனுடைய பெயரை ஒருவரும் உச்சரிக்கலாகாதென எபேசியர் கட்டளை செய்தும் அப்பெயர் மறையவில்லை.

எரிந்த இடத்திலேயே அதனினும் சிறந்த கோவிலை நகரத்தார் கட்டினர். அதன் செலவைத் தான் ஏற்பதாக அலெக்சாந்தர் சொன்னபோது, ஒரு தெய்வம் பிற தெய்வத்திற்குக் காணிக்கை செலுத்துதல் தகாது என்று நயமாய்க் கூறி அவர்கள் மறுத்தனரென ஸ்திராபோ என்னும் நூலாசிரியர் வழி அறிகின்றோம். உரோம ஆசிரியராகிய பிளினி, எபேசுக் கோவில் 425 அடி நீளமும் 225 அடி அகலமும் உடையது என்றும், அதிலே 60 அடி உயரமான 127 தூண்கள் நின்றன என்றும் எழுதியுள்ளார். அத்தேனேயின் புகழ்பெற்ற பார்த்தெனான் கோவிலின் பரப்பைப்போல் இஃது ஏறக்குறைய நான்கு மடங்காகும். பண்டை உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாக இதனை எண்ணியதில் வியப்பில்லை.

இக்கோவில் தொழுமிடம் மட்டுமன்று. மன்னரும் வணிகரும் தம் பணத்தை இங்கே அடைக்கலமாய் வைத்தனர். செனபோன் என்னும் கிரேக்கப் படைத்தலைவர் போருக்குச் செல்லுமுன் தம் பொருளில் ஒரு பகுதியைக் கோவிற் காப்பாளரிடம் ஒப்புவித்து, பின்னர்த் திரும்பப் பெற்றதாகத் தாமே எழுதியுள்ளார். துன்புற்றோரும் துரத்தப்பட்டோரும் கோவிலெல்லைக்குள் புகுந்தால் அவர்களைப் பிடித்தல் ஆகாது. இந்நல்ல வழக்கமும் நாளடைவில் திரிந்தது. அடைக்கல எல்லையை அந்தோனி நகரின் ஒரு பகுதிவரை விரித்தமையாற் குற்றவாளிகள் கை ஓங்கிற்றென்றும், அகுஸ்து இராயன் அவ்விரிவை நீக்கினானென்றும் ஸ்திராபோ கூறுவர். அருளும் அருளின் பெயரால் விளைந்த தீங்கும் ஒரே மதிலுக்குள் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

இத்தகைய நகருக்கே பவுல் அப்போஸ்தலர் கி.பி. 52-ஐ ஒட்டிய காலத்தில் வந்து சேர்ந்தார். திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் சம்பாஷித்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரம் கூறுகின்றது. எபேசு மாயவித்தைக்கும் பேர்போன ஊர். பொருள் விளங்காத மந்திரச் சொற்களுக்கு எபேசிய எழுத்துகள் என்றே பண்டை உலகம் பெயரிட்டிருந்தது. விசுவாசிகளானோர் அத்தகைய புத்தகங்களைக் கொணர்ந்து யாவர் முன்பாகவும் எரித்தனர். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு. எரித்தவை அவர்களுடைய சொந்தப் புத்தகங்களே. பிறர் வீட்டுட் புகுந்து பறித்தவை அல்ல. இவ்வேறுபாடு சிறிதாய்த் தோன்றினும் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

அதன்பின் எழுந்த கலகம் நாம் எல்லோரும் அறிந்ததே. தேவியின் கோவிலைப்போலச் சிறு வெள்ளிக் கோவில்கள் செய்து விற்ற தெமேத்திரியு என்னும் தட்டான் தன் தொழிலாளரைக் கூட்டி, கைகளினாற் செய்யப்பட்டவை தேவர்கள் அல்ல என்று பவுல் போதிப்பதனால் தொழில் அற்றுப்போகும் என்றும், தேவியின் மகத்துவம் குன்றும் என்றும் முறையிட்டான். இவனை வெறும் பணப்பேயென இகழ்ந்து தள்ளுதல் எளிது. ஆயினும் சிறிது எண்ணுவோமாயின், பக்தியையும் பிழைப்பையும் பிரித்தறிய இயலாதபடி பின்னி வைத்திருந்த நகரம் அது. கோவிலே பண்டகசாலை, கோவிலே அடைக்கலம், விழாவே வாணிகம். கூடத்தில் அடுப்பு மூட்டி உழைத்த ஏழைத் தொழிலாளனுக்குத் தேவியின் பெருமையும் தன் பிள்ளைகளின் உணவும் ஒன்றாகவே தோன்றியிருக்கும். அவன் அச்சம் பொய்யான அச்சமன்று.

மக்கள் பவுலின் துணைவராகிய காயுவையும் அரிஸ்தர்க்குவையும் இழுத்துக்கொண்டு அரங்கசாலைக்குள் ஓடினர். மலைச்சரிவிற் குடைந்த அவ்வரங்கு இன்றும் உள்ளது. பவுல் காலத்திற்குப் பின்னும் விரிவு பெற்ற அதன் படிகளில் சுமார் 25,000 பேர் அமரலாம். கூடினவர்களுட் பெரும்பாலார் எதற்காகக் கூடினோமென்றே அறியாதிருந்தனர் என்று நடபடிகளின் ஆசிரியர் மெல்லிய நகையோடு குறிக்கின்றார். இரண்டு மணி நேரம் தேவியின் பெயரைச் சொல்லி அவர்கள் ஆர்ப்பரித்தனர். பவுல் உள்ளே செல்ல விரும்பியபோது சீஷர் அவரைத் தடுத்தனர். மாகாணத் தலைவர்களுட் சிலரும், அவருக்குச் சிநேகிதரானமையால், போகவேண்டாமென ஆளனுப்பினர். சபையைச் சேராத பெருமக்களுள் அப்போஸ்தலருக்கு நண்பர் இருந்தனர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

கலகத்தை அடக்கியவன் பட்டணத்துச் சம்பிரதி. வானத்திலிருந்து விழுந்ததாகக் கருதப்பெற்ற சிலைக்குத் தன் நகரம் ஊழியஞ்செய்வதைப் பெருமையாகவே எடுத்துரைத்த அவன், குற்றஞ்சாட்டப்பட்டோரைப்பற்றி இரண்டு செய்திகளை எல்லார் முன்னிலையிலும் சாட்சியாகச் சொன்னான். அவர்கள் கோவிலைக் கொள்ளையிட்டவர்களல்லர், தேவியை நிந்தித்தவர்களுமல்லர். பவுலின் போதனை தெளிவானது. விக்கிரகங்களைப்பற்றி அவர் கொண்ட கருத்தை மறைத்தவரல்லர். அதனைத் தெமேத்திரியுவே அறிந்திருந்தான். ஆயினும் இரண்டாண்டு போதித்த ஒருவரின் வாயினின்று அவ்வூர்த் தேவியைப்பற்றி ஓர் இழிசொல்லும் பிறக்கவில்லையென்று அவ்வூர் அதிகாரியே கூறுகின்றான். சத்தியத்தைச் சொல்லுதல் வேறு, பிறர் போற்றுவதைத் தூற்றுதல் வேறு என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

அன்றோடு தியானாள் வழிபாடு வீழ்ந்ததென்று பிரசங்கிமார் சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம். சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. கி.பி. 104-இல் விபியு சலுத்தாரி என்னும் செல்வன் தேவியின் உருவங்களைப் பொன்னாலும் வெள்ளியாலும் செய்வித்து, அவற்றை ஊர்வலமாய் எடுத்துச் செல்லும் வழியையும் முறையையும் கல்லிற் பொறிப்பித்தான். 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு மாதம் முழுவதையும் தேவிக்குரிய புனித மாதமாக நகரசபை விதித்தது. பவுல் சென்று நூறாண்டு கழிந்தும் வெள்ளித்தட்டாருக்குத் தொழில் குறையவில்லை போலும். 3-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிற் கடல்வழி வந்த கோத்தியர் கோவிலைச் சூறையாடினர். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெயோதோசியு இராயனின் சட்டங்கள் பலிகளைத் தடுத்தன. பின்னர்ப் பளிங்குக் கற்கள் வேறு கட்டிடங்களுக்குப் போயின, எஞ்சியவை சுண்ணாம்பாயின.

இம்மாறுதற் காலத்திற்குரிய இரண்டு சான்றுகள் நம் கருத்தை ஈர்க்கின்றன. ஒன்று, எபேசுவிற் கிடைத்த ஒரு கல்வெட்டு. தெமேயா என்னும் கிறிஸ்தவன், ஆர்த்தெமியாகிய பேயின் வஞ்சக உருவத்தைத் தான் அகற்றி, அவ்விடத்திற் சிலுவையை நாட்டியதாக அதிற் பெருமை கொள்கின்றான். மற்றொன்று, 1956-ஆம் ஆண்டில் நகரசபை மண்டபத்தின் இடிபாடுகளில் வெளிப்பட்ட ஆர்த்தெமி சிலைகள். 1, 2-ஆம் நூற்றாண்டுகளிற் செதுக்கப்பெற்ற அவை மண்ணுட் புதைந்து காக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றைத் தக்க கவனத்தோடு கிடத்தி மண்ணிட்டு மூடியிருந்தனர். இன்று செல்சுக் நகரத்துக் காட்சிச்சாலையில் அவை நிற்கின்றன. ஒரு கை தேவியைப் பெயர்த்தெறிந்து தன் பெயரை எழுதி வைத்தது. ஒரு கை அவளைப் புதைத்துத் தன் பெயரை மறைத்துக்கொண்டது. புதைத்தவர் பழஞ்சமயத்தை விடமாட்டாதவரோ, புதுச்சமயத்தைத் தழுவியும் தம் தாயார் தொழுததை உடைக்க மனமில்லாதவரோ, யாவராயினும் அவர் செயலாலன்றோ அத்தேவியின் முகத்தை நாம் இன்று காண்கின்றோம்?

கோவிலிருந்த இடமே பிற்காலத்தில் மறந்துபோயிற்று. ஜான் டர்ட்டில் வுட் என்னும் ஆங்கிலேயர், சிமிர்னாவிலிருந்து சென்ற இருப்புப்பாதைக்காகக் கட்டிடப் பணி செய்தவர், 1863-இல் அதனைத் தேடத் தொடங்கினார். மூன்றாண்டின் பின் அரங்கசாலையில் சலுத்தாரியின் கல்வெட்டு அவர் கைப்பட்டது. தேவியின் ஊர்வலம் எந்த வாயில்வழி நகருட் புகுந்து எந்த வாயில்வழி திரும்பிற்றென்று அது கூறியதைக் கொண்டு, அவர் வாயிலைக் கண்டு, வாயிலினின்று வீதியைத் தொடர்ந்து, 1869-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், ஏறக்குறைய 20 அடி வண்டலின் கீழ்ப் பளிங்குத் தளத்தைக் கண்டார். 1904, 1905-ஆம் ஆண்டுகளில் ஹோகார்த் என்பவர் மேலும் அகழ்ந்தபோது, அடித்தளத்தில் உலகின் மிகப் பழைய நாணயங்களுட் சில கிடைத்தன. 1895 முதல் ஆஸ்திரிய அறிஞர் நகரத்தை அகழ்ந்து வந்துள்ளனர்.

இன்று செல்சுக் நகரின் அயாசொலூக் குன்றின்மேல் நின்று நோக்குவார்க்கு ஒரே பார்வையில் மூன்று காலங்கள் தோன்றும். காலடியில், யோவானின் கல்லறைமேல் எழுந்ததென நம்பப்படும் பெருங்கோவில். 6-ஆம் நூற்றாண்டில் யுஸ்தீனியன் இராயன் கட்டியது. இன்று கூரையின்றிக் கிடப்பது. சரிவிலே, 1375-ஆம் ஆண்டில் முடிந்த ஈசா பே பள்ளிவாசல். பழைய நகரத் தூண்கள் சிலவற்றை அது தாங்கி நிற்கின்றது. அப்பால் சதுப்பு நிலத்தில், உடைந்த துண்டுகளை அடுக்கி நம் காலத்தில் நிறுத்திய தனித் தூண் ஒன்று. அதன் உச்சியில் நாரைக் கூடு. உலக அதிசயத்தின் 127 தூண்களுள் இன்று நின்று காட்சி தருவது அஃதொன்றே. நகர இடிபாடுகளில் மரியாளின் ஆலயமும் உண்டு. கிறிஸ்துவின் தன்மையைப்பற்றிய பெரு வழக்கை ஆராய்ந்து, மரியாளைத் தேவமாதா என்றழைத்தலை உறுதிசெய்த 431-ஆம் ஆண்டுச் சங்கம் கூடியது அப்பெயருடைய ஆலயத்திலே. அதுவும் முன்னர் ஆதிரியான் இராயனுக்கெடுத்த கோவிற் சுற்றுமண்டபத்தின் பகுதி. தேவியே மரியாளாக உருமாறினாள் என்பாருளர். அச்சங்கத்தில் வழக்கு கிறிஸ்து யார் என்பதேயாகலின், அக்கூற்றை அவ்வளவு எளிதாய் ஏற்றலாகாது.

இக்காட்சியைக் காண்போர் இரண்டு தவறுகளில் ஒன்றில் விழுதல் கூடும். தியானாள் வீழ்ந்தாள், நாம் வென்றோம் என மகிழ்தல் ஒன்று. அங்ஙனம் மகிழ்வார் வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்கு எழுதப்பட்டதை மறந்தவராவர். ஆதியிலிருந்த அன்பை இழந்த சபையின் விளக்குத்தண்டு நீக்கப்படும் என்ற எச்சரிப்பைப் பெற்றது தியானாளின் கோவிலன்று, கிறிஸ்துவின் சபையே. 1923-ஆம் ஆண்டு மக்கள் மாற்ற உடன்படிக்கையின்பின் அப்பக்கத்துக் கிரேக்கக் கிறிஸ்தவரும் ஊரைவிட்டுப் போயினர். தேவியின் கோவிலும் யோவானின் கோவிலும் ஒரே குன்றினடியில் ஒரே வெயிலிற் காய்கின்றன. பழஞ்சமயத்தின் அழகெல்லாம் அழிந்ததே எனப் புலம்பி, அங்கே குறையொன்றுமில்லையெனப் பாடுதல் மற்றொன்று. மந்திரப் புத்தகங்களுக்கு அஞ்சி வாழ்ந்தோரையும், அடைக்கலத்தின் மறைவில் வளர்ந்த குற்றத்தையும் இவர் காணார்.

தமிழ் பயிலும் நாம் ஈண்டு ஒரு சொல்லை நினைத்துப் பார்த்தல் தகும். பழைய கிறிஸ்தவத் தமிழ் நூல்கள் பல, பிற சமயத்தாரை அஞ்ஞானிகள் என்று எழுதின. அஞ்ஞானம் என்பது அறியாமை. ஆனால் 60 அடித் தூண்களைச் சதுப்பு நிலத்தில் நிறுத்தியவரும், ஓடி வந்தவனுக்கு அடைக்கலம் தந்தவரும், வெறிகொண்ட கூட்டத்தை நடுநிலையான சொற்களால் அடக்கிய சம்பிரதியும் அறிவற்றவரென்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? மெய்யான தேவனை அவர்கள் அறிந்திலர் என்பது நம் விசுவாசம். அதனைச் சொல்லும் உரிமை நமக்குண்டு. ஒன்றை அறியாதவன் ஒன்றுமே அறியாதவன் என்பது அதனினின்று பெறப்படாது. புறச்சமயம் என்னும் பழந்தமிழ்ச் சொல் தன் வீட்டுக்குப் புறத்தே இருப்பது என்றளவில் நின்றுவிடுகின்றது, புறத்திருப்பவனை இழித்துரைப்பதில்லை. ஆதலின் இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆண்டோம்.

இன்னுமொன்று. எபேசுவின் தேவிக்கு இன்று விளக்கேற்றுவார் இலர். அவளைப் பழித்தாலும் வருந்துவார் இலர். நம்மைச் சுற்றி வாழ்வோரின் சமயங்கள் அத்தகையன அல்ல. அவை நம் நண்பர் பலரின் வீட்டில் உயிரோடிருப்பவை. மாண்ட சமயத்தையே மரியாதையோடு நோக்கவேண்டுமெனில், உயிருள்ள சமயத்தாரிடம் நாம் பேசும்போது எத்துணைக் கவனம் வேண்டும்! கலகம் நடந்த நாளில் எபேசுவில் கிறிஸ்தவர் சிறுதொகையினர், அதிகாரமில்லாதவர், அன்று அவர்கள் நிந்தித்தவரல்லரென ஊரார் சாட்சி சொன்னார்கள். தெமேயா தன் கல்வெட்டைப் பொறித்த நாளில் அதிகாரம் கைமாறியிருந்தது. சிறுபான்மையாய் இருந்தபோது காத்த நாவடக்கத்தைப் பெரும்பான்மையானபோதும் காத்தலே கடினமான சோதனை. எச்சமயத்தார்க்கும் எந்நாட்டிலும் இஃது ஒக்கும்.

ஆதலின், எபேசுவுக்கேனும் வேறெந்த வேத ஸ்தலத்துக்கேனும் செல்லும் பேறு நம்மில் எவருக்கேனும் வாய்க்குமாயின், அரங்கசாலையிற் பவுலை நினைந்தபின், சதுப்பு நிலத்துத் தனித் தூணையும் சென்று காண்பாராக. அங்கே முழந்தாளிட வேண்டுவதில்லை. எள்ளி நகைக்கவும் வேண்டுவதில்லை. அவ்விடத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மக்கள் நோயில் அழுதார்கள், பிள்ளைப்பேற்றில் நன்றி சொன்னார்கள், அச்சத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். அவ்வேக்கங்களைக் கேட்டுணர்ந்தவனே அவற்றுக்கு விடையாக வந்த நற்செய்தியின் அருமையை உள்ளபடி உணர்வான் என்பதும், கேளாதவன் சொல்லும் நற்செய்தியை எவரும் கேளார் என்பதும் எமது துணிபு.